உத்திராபதி கேட்ட விலை

"முழங்கால்ல துணி கட்டிக்கிட்டு ஆடுற ஆளு. அந்த உத்திராபதிக்குப் போயி இவ்ளோ ஜாஸ்தியா?" என்றார் பொன்னுரங்கம்.

சிதம்பரம் பாஸ்கெட்பால் டீமுக்கு அவர்தான் செயலாளர். கூட்டம் நடந்தது தில்லையம்மாளின் டிபன் கடையில். டீமுக்குச் சாப்பாடும் அங்கேதான், சண்டையும் அங்கேதான். மத்தியானம் கரண்ட் போயிருந்ததால் எல்லோரும் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"ரயில்வேக்கு ஆடினவரு மாமா. கடலூர் டீமே அவரை வச்சுத்தான் ஜெயிக்குது," என்றான் கேப்டன் நடேஷ். "நாம ரெண்டு வருஷமா ஃபைனல்ல நெல்லிக்குப்பத்துக்காரங்ககிட்ட உதை வாங்கிட்டு வர்றோம்."

"வயசு முப்பத்தாறுடா. அவரு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு வர்றதுக்குள்ள டீ ஆறிடும்."

"அவரு ஓடவே வேணாம். நின்ன இடத்துலேர்ந்து போட்டாலே விழும்."

தில்லையம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "அப்படி என்னதான் கேக்குறாரு?"

"மேட்சுக்கு மேட்ச் வந்து போக கார். புது ஷூ. தினம் நாலு முட்டை."

"பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளைகூட இவ்ளோ கேக்க மாட்டான்."

நடேஷ் தயங்கினான். "அப்புறம், நம்ம ஜெயப்பிரகாஷ், அத்தை."

தில்லையம்மாளின் கை நின்றது. ஜெயப்பிரகாஷ் அவள் மகன். டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாக வேலை இல்லை. காலையில் கடைக்கு மாவு அரைப்பான், சாயங்காலம் பந்து ஆடுவான்.

"அவனைக் கடலூர் டீமுக்குக் கொடுத்துட்டு இவரை எடுத்துக்கணுமாம். இல்லேன்னா வர மாட்டாராம்."

"நல்லாருக்குது நியாயம். கிழமாட்டைக் கட்டிட்டு காளங்கன்னை ஓட்டிக்கிட்டுப் போவாரா?" என்றாள் தில்லையம்மாள்.

எல்லோரும் ஜெயப்பிரகாஷைப் பார்த்தார்கள். அவன் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அம்மா சொல்றதுதான்," என்றான்.

டீமில் தில்லையம்மாளுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவள் கையால் தின்றுவிட்டு அவள் பேச்சை மீற யாருக்கும் துணிச்சலும் கிடையாது.

"அவரையே வரச் சொல்லுங்க. நான் பேசிக்குறேன்," என்றாள்.

அன்று அவளுக்குத் தூக்கமே வரவில்லை. மகனை நிறுத்திக்கொண்டு டீம் மறுபடியும் தோற்றால், இவனால்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லும். அனுப்பினால், கடலூரில் பெஞ்சில் உட்கார வைத்தே வருஷத்தை ஓட்டிவிடுவார்கள். எந்தப் பக்கம் புரண்டாலும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை உத்திராபதி வந்தார். சிதம்பரத்தில் மேட்ச் என்றால் அவருக்கும் அந்தக் கடைதான் வழக்கம். வாசலில் குனிந்து நுழைந்து, வலது காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி, எம்புள்ளை இங்க இருந்தா உங்களுக்கு என்ன நோவுது?"

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல ஆடுறவங்கக்கா. அவன் இருந்தா எனக்கு பெஞ்சுதான்," என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

இட்லி தின்றுகொண்டிருந்த பொன்னுரங்கம், கேட்டியா என்பதுபோல எதிரே இருந்த நடேஷைப் பார்த்தார்.

"சரி, அனுப்புறேன்," என்றாள் தில்லையம்மாள். "ஆனா அவன் அங்க போயி தண்ணி பாட்டில் தூக்கக் கூடாது. முதல் அஞ்சு பேர்ல இறக்கணும்."

உத்திராபதி தலையைச் சொறிந்தார். "கஷ்டம்க்கா. சொல்லிப் பாக்குறேன்."

"பாக்குறதெல்லாம் வேணாம். இப்பவே போன் போடுங்க."

சிக்னல் இல்லை என்று செல்போனோடு வெளியே போனவர், ஐந்து நிமிடம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "ஒத்துக்கிட்டாங்க."

"பஸ் சார்ஜும் அவங்கதான் தரணும்."

"சரி."

"உங்களுக்கு கார் கிடையாது. பஸ்லதான் வரணும். முட்டை ரெண்டு."

"மூணாவது போடுங்கக்கா."

"ரெண்டுதான்."

"ஷூ?"

"அதை வாங்கிக்குங்க. வெறுங்காலோடவா ஆடுவீங்க?"

அன்றைக்கு இட்லி வாங்க வந்த அத்தனை பேரிடமும் தில்லையம்மாள் சொன்னாள். "சுயநலம் புடிச்ச ஆளு. ஆனா பேரம் பேசத் தெரியலை. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுப் போயிட்டாரு."

அடுத்த நாள் கடலூர் டீம் செயலாளர் சாமிக்கண்ணு, ஜெயப்பிரகாஷை விடுவிக்கும் கடிதத்தை வாங்கிப் போக வந்தார். அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்துவிட்டு, அவரிடமும் அதே கதையைச் சொன்னாள்.

"பாவம், நான் புடிச்ச புடியில நீங்களும் போன்லயே ஒத்துக்க வேண்டியதாப் போச்சு."

சாமிக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு எந்தப் போனும் வரலையேம்மா."

"முதல் அஞ்சு பேர்ல எம்புள்ளைன்னு நீங்க ஒத்துக்கலை?"

"அதைப் போன வாரமே உத்திராபதி வந்து பேசி முடிச்சுட்டாரே. பஸ் சார்ஜும் சேத்துத்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு ஆள் எடுக்க, அடுத்த மாசம் எங்க மேட்சைப் பாக்க ஆபீசருங்க வர்றாங்க. உங்க புள்ளை அதுல ஆடியே ஆகணும்னாரு. பன்னண்டு பேர் லிஸ்ட் நிரம்பிடுச்சு, இடமில்லைன்னோம். பேனாவை வாங்கி தன் பேரை அடிச்சுட்டு, ஜெயப்பிரகாஷ் பேரை எழுதிட்டாரு."

தில்லையம்மாள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இதை என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே அந்தத் தம்பி."

"நாங்களும் கேட்டோம். 'சும்மா வந்து கொடுத்தா, இதுல என்ன வில்லங்கமோன்னு அந்த அக்கா பயந்துக்கிட்டு அனுப்ப மாட்டாங்க. என்னை பேரத்துல தோக்கடிச்சாத்தான் நிம்மதியா அனுப்புவாங்க'ன்னாரு."