மெதுவாகச் சுற்று

மழை மதியத்தில், டயர் கடைத் தட்டில் கிடந்த, நட்டின் தலையில் மாட்டித் திருகும் வெள்ளிநிறச் சாக்கெட், காற்றழுத்தத்தில் சுற்றும் ஏர் கன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளியைக் கையால் மட்டுமே திருகுவார்கள். கன்னோ நட்டுகளைத் தடதடவென இடித்துக் கழற்றும். அந்தச் சத்தம் வெள்ளிக்குத் தூரத்து இடிபோல் இனித்தது.

"ஒரே ஒரு நட்டுக்கு என்னை மாட்டிக்கோயேன்," என்றது வெள்ளி கன்னிடம்.

"உன் உடம்பு மெல்லிசம்மா. தெறிச்சுடுவே."

"மெதுவாச் சுத்து."

"அதுதான் எனக்கு வராதே," என்றது கன். தடித்த கறுப்புச் சாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தரையே அதிர, லாரிச் சக்கரத்தைக் கழற்றியது. வெள்ளியின் பளபளப்பில் அந்தச் சக்கரத்தின் பிம்பம் மிதந்து மிதந்து போனது.

வேலை முடிந்ததும் கன் தயங்கியபடி கேட்டது: "கறுப்பா, ரொம்ப வலிச்சுதா?"

கறுப்புச் சாக்கெட் கொட்டாவி விட்டது.

"ஏன், வேலையை ஆரம்பிச்சுட்டியா?"