திருத்தாத ஒரு சொல்

தாளம் கொஞ்சம் தப்பினாலே பாட்டு டீச்சருக்கு மூக்கு சிவந்துவிடும். அப்படிப்பட்டவர், தன் ஏழு வயது மகள் உள்ளறையில் பொம்மைக்குத் தாலாட்டைத் தப்பாகப் பாடுவதைக் கேட்டும் சும்மா இருந்தார்.

புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"ஊர்ப் பிள்ளைங்கள அந்த விரட்டு விரட்டுறீங்க. உங்க பொண்ணு 'நிலவே'ங்கிற இடத்துல 'நிலக்கடலையே'ன்னு பாடுதே, கண்டுக்க மாட்டீங்களா?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இவளைப் பெத்த அம்மா அப்படித்தான் விளையாட்டா பாடுவாங்களாம். போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ, அவங்க ஞாபகமா இவகிட்ட இருந்தது இந்தப் பாட்டுதான். அதை எப்படித் திருத்துறது?"

"அம்மா! பொம்மை தூங்க மாட்டேங்குது, நீயும் வந்து பாடேன்!"

டீச்சர் எழுந்து போனார். மகளை மடியில் இருத்திக்கொண்டு, தொண்டையைச் செருமி, சுருதி பிசகாமல் பாடினார்:

"நிலக்கடலையே..."