பாதியில் நின்ற குழல்

மாடியில் குழல் சட்டென்று நின்றது. சூர்யகலா கரண்டியைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. அவள் கணவன் வெற்றிச்செல்வன் குழலும் கையுமாக வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"என்னா கலா?"

"ஒண்ணுமில்லீங்க. காபி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"வேணாம். நீ போய் வேலையைப் பாரு."

பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த மாதிரி அவர்களுக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ். அங்கே தங்கிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் வாசிக்கக் கற்றுக்கொடுத்து, விட்டுப்போன குழல் அது. பரோக் புல்லாங்குழல் என்பார்கள். பழங்கால ஐரோப்பிய வகை; முழுக்க மரம், விரலால் அழுத்த ஒரே ஒரு விசை. சில சுரம் பளிச்சென்று வரும், சில சுரம் முக்காடு போட்டுக்கொண்டு வரும். கேட்டுக் கேட்டு, அவன் எங்கே மூச்சு வாங்குவான் என்பது வரை அவளுக்கு அத்துப்படி.

மகன் பிரவீனைக் கடல் கொண்டுபோன பிறகு வெற்றிச்செல்வன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விழுப்புரத்து டாக்டர் இவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனிடம் வெகுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டால், "ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு" என்றதோடு சரி.

அன்றைக்கே அரிவாள்மணையை மாடிக்குத் தூக்கிப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினான். கால் நனைக்கக் கடலில் இறங்கியவளைப் பேயறைந்தவன் மாதிரி ஓடிவந்து இழுத்துப் போனான். நாள் முழுக்கக் கூடவே சுற்றியவனை இவள்தான் எரிந்து விழுந்து மாடிக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. மனுஷன் ஏதோ பண்ணிக்கொள்ளப் போகிறான்.

குழல் கேட்கிறவரை ஆள் இருக்கிறான். அதனால் கை அடுப்பில் இருந்தாலும் காது மாடியிலேயே கிடந்தது.

மறுபடி தொடங்கினான். மெல்ல மெல்ல மேலே ஏறுகிற நீண்ட சுரம். அதை மட்டும் அவன் என்றைக்கும் அறுக்க மாட்டான். இன்று அறுந்தது. மூச்சு வாங்குகிற இடமே இல்லை அது.

முழங்கால் படியில் இடித்ததுகூடத் தெரியாமல் ஓடினாள். அவன் அதே இடத்தில், வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தான். இந்தமுறை அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க இப்பிடி நிறுத்தி நிறுத்தி என்னைச் சாவடிக்கிறீங்க? உங்களைத் தனியா விட்டுட்டு நான் எப்பிடிங்க கீழ வேலை பாத்துக்கினு இருக்கறது?"

அவன் குழலைக் கட்டிலில் வைத்தான். கண்ணில் முதல்முறையாக நீர் கோத்திருந்தது.

"நிறுத்தினா நீ ஓடியாந்துடுவே. அந்தக் காலடிச் சத்தத்துக்குத்தான் நிறுத்தறேன்."

"எதுக்கு?"

"தனியா விடாதீங்கன்னு டாக்டரு சொன்னது உன்னைத்தான், கலா."