சுபியான் ஹாஜியார் சொன்ன முப்பத்தேழு குறைகள்

மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு, கல்முனைத் திருமணத் தகவல் நிலையத்துக்கு நேரே வந்து சேர்ந்தார் சுபியான் ஹாஜியார்.

"எழுதுங்க பிள்ள. பொண்ணுக்குச் சீதனமாத் தாற வீடு, அதெல்லாம் ஒரு வீடா? எங்கட கோழிக்கூடு அதைவிடப் பெரிசு. குசினிக்குள்ள ஒராள் நுழையிறதெண்டா இன்னொராள் வெளியில வரணும்."

கணினிக்கு முன்னால் இருந்த றிப்னா ஒரு வரி விடாமல் தட்டினாள்.

"வேற, ஹாஜியார்?"

"மாடி இல்ல. பொண்ணுட வாப்பா வாயத் திறந்தா எனக்குக் கொட்டாவி வருது. தின்னத் தந்த வட்டிலப்பம் இனிப்பு கல்லு மாதிரி, எறிஞ்சா மாடு விழும்."

இப்படி முப்பத்தேழு குறைகளைச் சொல்லி முடித்த ஹாஜியார், குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சும்மா, பிள்ள. தங்கமான இடம். இப்படி இறக்கிக் கதைச்சாத்தான் மாடி கட்டித் தருவாங்க. கொஞ்சம் மெதுவாக்கி, நாளைக்கு அவங்களுக்குச் சொல்லுங்க."

"நாளைக்கா? புதுசா வெப்ஹூக் எண்டு ஒண்டு போட்டிருக்கு, ஹாஜியார். நான் ஒவ்வொரு வரியும் சேவ் பண்ணப் பண்ண, அது தானாகவே பொண்ணு வீட்டுப் போனுக்கும் உங்கட மகன்ட போனுக்கும் போயிடும்."

ஹாஜியார் மேசைக்கு மேலே சாய்ந்தார்.

"அவங்க... என்ன சொன்னாங்க?"

"'மாப்பிள்ளை வரட்டும், வாப்பா வர வேணாம்' எண்டு பதில் வந்திருக்கு."

"மகன்?"

றிப்னா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

'எனக்குச் சம்மதம். கலியாணம் முடிச்சு அந்த வீட்டில போய் இருக்கப் போறது நான்தானே, வாப்பா இல்லையே.'