நாலாவது ஸ்க்ரூ

அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்று காலையும் பாதியிலேயே நின்றுவிட்டது.

"டிஸ்க் வாயைத் திறக்க மாட்டேங்குது, சிஸ்டம் ஐயா. கிழடாயிடுச்சு" என்று மேலே போய்ச் சொன்னது டிரைவர். சிஸ்டத்துக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நடுவே பேச்சைச் சுமப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை.

ஹார்ட் டிஸ்க்கின் காதில் அது விழுந்தது. கேட்டதற்கெல்லாம் அது பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. புதிதாக வந்த சிஸ்டத்தின் பேச்சுதான் டிரைவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல அதற்கு மனசும் வரவில்லை.

டிஸ்க்கைக் கழற்ற மெக்கானிக் இருதயராஜ் உட்கார்ந்தார். ஒரு ஸ்க்ரூ கழன்று மேஜைக்குப் போனது. இரண்டு. மூன்று. நாலாவதில் கை வைத்தவர், "எதுக்கும் சேஃப் மோடுல போய் டிரைவரை அப்டேட் பண்ணிப் பார்ப்போம்" என்று முணுமுணுத்து, தேவையானது மட்டும் இயங்கும் அந்த நிலையில் கம்ப்யூட்டரை எழுப்பிப் புது டிரைவரை ஏற்றினார்.

பழைய டிரைவர் போன இடம் தெரியவில்லை. புது டிரைவர் கேட்ட முதல் கேள்விக்கே டிஸ்க் பதில் சொல்ல, திரை பளிச்சென்று எரிந்தது.

"பயப்படாதீங்கண்ணே. சிஸ்டத்தோட பேச்சு எனக்கு அத்துப்படி" என்றது புது டிரைவர்.

"அது மாறிக்கிட்டே இருக்கும், தம்பி. நீயும் கத்துக்குவியா?"

"இன்னும் என்ன கத்துக்கணும்? எல்லாம்தான் தெரியுமே!"

டிஸ்க் மேஜையைப் பார்த்தது. மூன்று ஸ்க்ரூக்களும் இன்னும் அங்கேயே கிடந்தன.