சுவரோரக் கூட்டம்

வார்டு கூட்டத்துக்கு வழக்கமாக வருவது கவுன்சிலரின் கணவர் மட்டும்தான். அவரும் தூங்கிவிடுவார். இந்த முறையும் ஆள் சேராவிட்டால் கூட்டத்தையே நிறுத்திவிடுவதாக நகராட்சி சொல்லியிருந்தது.

இன்றோ தெருவே திரண்டு வந்திருந்தது. நடுவில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, எல்லாரும் சுவரை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்கள்.

"முன்னாடி வாங்களேன்!"

"பரவாயில்லக்கா, இங்கயே சௌகரியமா இருக்கு."

என்ன அடக்கம்! கவுன்சிலருக்கு உச்சி குளிர்ந்தது. தெருவிளக்கு, மரக்கன்று, குப்பை பிரிப்பது, அரங்கின் கூரையில் புதிதாகப் போட்ட சோலார் என்று வெளுத்து வாங்கினார்.

"சரி, முடிச்சுக்கலாமா?"

"ஐயோ, அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்சம் பேசுங்கக்கா!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பை பிரிப்பதை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வெளியே யாரோ கத்தினார்கள். "வீட்டுக்கெல்லாம் கரண்ட் வந்திருச்சு!"

அவ்வளவுதான். சுவரில் செருகியிருந்த சார்ஜர்களைப் பிடுங்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் வாசலுக்குப் பறந்தது. சோலார் உபயத்தில் எல்லார் செல்போனுக்கும் வயிறு நிறைந்திருந்தது. மிஞ்சியது கணவரின் குறட்டைதான்.

கவுன்சிலர் மின்சார அலுவலக இன்ஜினியரைப் போனில் பிடித்தார்.

"சார், காலையிலேருந்து ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லையாமே?"

"மன்னிச்சுக்குங்க மேடம், இனிமே இப்படி நடக்காது."

"அய்யய்யோ, அப்படிச் சொல்லிடாதீங்க! அடுத்த கூட்டம் வர்ற மாசம் முதல் சனிக்கிழமை. குறிச்சு வெச்சுக்குங்க."