போன வாரம் நட்ட மரம்

மகள் சண்முகப்பிரியாவின் கையிலிருந்த செல்போனை வெடுக்கென்று பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டாள் வசந்தாமணி.

“உன்கூடப் படிச்சிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போன கனிஷ்காகிட்டயும் தமிழ்லதான் பேசுவியா? அதுக்கா உன்னய இங்கிலீஷ் மீடியத்துல சேத்தோம்? இங்கிலீஷ்ல பேசு, நான் கேக்கோணும்.”

“என்னத்தம்மா பேசறது?”

“போன வாரம் கிளாஸ்ல என்ன பண்ணீங்களோ, அதைச் சொல்லு.”

பிரியா, “வீ... வீ...” என்று இழுத்தாள். வசந்தாமணிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“எட்டாவது படிக்கற கழுதை! நம்ம லாரி டிரைவர்கூட நாலு பாசை பேசறாரு!”

பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நொடி ஆங்கிலம் தடங்கலின்றி வந்தது. வகுப்பே சேர்ந்து பள்ளி மைதானத்தில் வேப்பங்கன்று நட்டது, தண்ணீர் ஊற்றியது, தலைமையாசிரியர் பாராட்டியது எல்லாம் சொன்னாள். அம்மாவின் முகம் மலர்ந்த நேரம் பார்த்து, பாதியில் அடுத்தது வராமல் நின்றுவிட்டாள்.

அந்த இடத்திலிருந்து கனிஷ்கா பிடித்துக்கொண்டு, கடைசி வரி வரை ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தாள்.

வசந்தாமணி திகைத்தாள். “ஏஞ்சாமி, நீ ஊரை உட்டுப் போயி ரெண்டு வருசமாச்சே. உனக்கெப்படித் தெரியும்?”

“நானும் அங்க படிச்சப்ப அதே கன்னைத்தானுங்க அத்தை நட்டேன்! மரம் நட்டதை வெளிநாட்டு ஃபிரண்டுக்கு லெட்டரா எழுதற கேள்வி வருசா வருசம் இங்கிலீஷ் பரீட்சைக்கு வருமுங்க. ஏ பிரியா, இந்த வருசமாவது நெசமா நட்டீங்களா?”

“எங்கடி! மரம் நடற பீரியட்லதான் இதை மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க.”